பெட்டிமேல் எழுதிய பெயர்

தை பிறந்து சில வாரங்களில் பாலக்காட்டு முதலமடைத் தோப்புகளில் மாங்காய் பறிப்பு சூடுபிடித்துவிடும். நாட்டின் பல பகுதிகளில் மாமரம் இன்னும் பூவோடு நிற்கும்போதே இங்கே காய் பெட்டியேறிவிடுகிறது. செந்தூரம், பங்கனப்பள்ளி, கிளிமூக்கு என்று இனம் பிரித்து அடுக்கி, மூடி, மேலே ஒரு பெயரை ஒட்டி, லாரியில் ஏற்றி வடக்கே அனுப்புகிறார்கள். டெல்லியில் பெட்டியை இறக்குகிறவர் இந்தத் தோப்பைப் பார்த்ததே இல்லை. நெல்லியாம்பதி மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. ஒட்டியிருக்கும் பெயர் தெரிந்த பெயர்தானா, வழியில் யாராவது பெட்டியைப் பிரித்தார்களா என்று மட்டும் பார்க்கிறார். அதற்குமேல் நம்பிக்கை.

இதே ஊரில் ஒருவர் மாங்காய் மண்டிக்கென்று ஒரு சின்ன மென்பொருள் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையை அடித்தால் போதும்; கழிவு, கமிஷன், ஏற்றுக்கூலி எல்லாம் கழிந்து தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் பில் அச்சாகிவிடும். இந்தூரில் இருக்கும் ஒரு வியாபாரிக்கு அதை அனுப்புகிறார். அவர் ஆசையாக இறக்கி, இருமுறை சொடுக்குகிறார். விண்டோஸ் குறுக்கே வந்து நிற்கிறது: வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை, இதை இயக்கினால் கணினிக்கு ஆபத்து வரலாம். வியாபாரி மூடிவிட்டுப் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுகிறார். நல்ல சரக்குதான், பெட்டிமேல் பெயர் இல்லை, அவ்வளவே.

அந்தப் பெயரை ஒட்டுகிற வேலைக்குத்தான் கோட் சைனிங் என்று பெயர். தமிழில் நிரல் கையொப்பம் எனலாம். கேட்பதற்கு ஏதோ பேனா எடுத்துக் கீறுகிற சமாசாரம்போல இருக்கிறது. உள்ளே போனால் 925 இலக்க எண்களில் தொடங்கி, மின்வாரியத்தின் கரண்டு பில்லில் வந்து முடிகிற ஒரு விசித்திரமான சங்கிலி அது.

முதலில், பெட்டியை வழியில் பிரித்தார்களா என்று காட்டிக்கொடுக்கிற நாடா. மென்பொருள் 50 மெகாபைட் என்றால் ஏறக்குறைய 5 கோடி பைட்டுகள். அத்தனையையும் ஒரு கணித ஆலையில் போட்டுப் பிழிந்தால் வெறும் 32 பைட் சாறு சொட்டும். இதை ஹாஷ் என்பார்கள். நாம் பிழிவு என்று வைத்துக்கொள்வோம். இப்போது பரவலாகப் பயன்படும் ஆலையின் பெயர் எஸ்எச்ஏ-256. அது தரும் பிழிவை 64 எழுத்துகளில், ஒரு பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். சாற்றிலிருந்து மாம்பழத்தைத் திரும்பச் செய்ய முடியாததுபோல, பிழிவிலிருந்து மென்பொருளைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த 5 கோடியில் ஒரே ஒரு பைட்டை யாராவது மாற்றினால் பிழிவு கொஞ்சமாக மாறாது, தலைகீழாக மாறும். 256 பிட்டுகளில் சராசரியாகப் பாதி புரண்டுவிடும். வேறொரு மென்பொருளைக் கொண்டுவந்து தற்செயலாக இதே பிழிவைப் பெற வேண்டுமா? ஒரு நாணயத்தை 256 தடவை சுண்டி, 256 தடவையும் தலையே விழ வேண்டும்.

ஆலைகள் பழுதாவதும் உண்டு. எம்டி5 என்ற பழைய ஆலையில் ஒரே பிழிவு தருகிற இரண்டு வெவ்வேறு கோப்புகளைத் தயாரிக்க முடியும் என்று 2004-இல் சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டினார்கள். எட்டு ஆண்டு கழித்து, ஃபிளேம் என்ற உளவு நிரல் அதே ஓட்டையின் வழியே மைக்ரோசாஃப்ட் கையெழுத்தைப் போலியாக அணிந்துகொண்டு வந்தது.

பிழிவு கிடைத்தாயிற்று. இனி அதில் கையெழுத்து. இதற்கு இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று தனிச் சாவி. அது உரியவரிடம் மட்டும் இருக்கும். மற்றது பொதுச் சாவி; அதை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். தனிச் சாவியால் பூட்டியதைப் பொதுச் சாவியால் சரிபார்க்க முடியும்; ஆனால் பொதுச் சாவியை எவ்வளவு நேரம் கையில் வைத்து உருட்டினாலும் தனிச் சாவியின் வடிவம் பிடிபடாது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் மூவரும் கண்டுபிடித்த ஆர்எஸ்ஏ முறையில், இந்த ரகசியம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கில் இருக்கிறது. இரண்டு பகா எண்களைப் பெருக்குவது எளிது. விடையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம்? 250 இலக்க எண் ஒன்றை 2020 பிப்ரவரியில் ஒரு குழு உடைத்தது. ஒற்றைச் செயலி தனியாக உட்கார்ந்து போட்டிருந்தால் சுமார் 2,700 ஆண்டு பிடித்திருக்கும். அதாவது சங்க காலத்துக்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். நிரல் கையொப்பத்துக்கு இன்று ஆர்எஸ்ஏ-வில் கேட்கிற குறைந்தபட்ச அளவு 3,072 பிட், அதாவது 925 இலக்கம். நொடிக்கு ஓர் இலக்கமாக வாசித்தாலே கால் மணி நேரம் ஆகும். இலக்கம் கூடக்கூடக் கஷ்டம் கூட்டல் கணக்கில் ஏறாது என்பதால், 2,700 ஆண்டை நாலால் பெருக்கிப் பார்த்து ஆறுதல் அடைய வழியில்லை.

ஆக, நாடா பிரிந்ததா என்ற கேள்விக்குக் கணிதம் கறாராகப் பதில் சொல்லிவிடும். ஆனால் பெயர்? ஒரு பொதுச் சாவியை நீட்டி, ‘இது முதலமடைக்காரருடையது’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே. சாவிக்கு முகம் இல்லை. இந்த எண்ணுக்கும் அந்த மனிதருக்கும் முடிச்சுப் போட மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்படுகிறார். அவர்தான் சான்றளிப்பு நிறுவனம். ‘இந்தச் சாவி இன்ன ஊரில் இருக்கும் இன்னாருடையது’ என்று எழுதி, அதன்கீழ் அவர் தன் கையெழுத்தைப் போடுகிறார், அதுதான் சான்றிதழ். அவர் யாரென்று நமக்கு எப்படித் தெரியும்? அவருக்கு மேலே இன்னொருவர் சான்று தந்திருப்பார். மேலே போய்க்கொண்டே இருந்தால் வேர்ச் சான்றிதழ் வரும். அதற்குமேல் யாருமில்லை, அது தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டது. அப்படிப்பட்ட வேர்கள் சில நூறு, நீங்கள் விண்டோஸ் கணினியை வாங்கும்போதே உங்கள் பெயரில் மைக்ரோசாஃப்டால் நம்பப்பட்டுவிடுகின்றன. நீங்கள் நம்புகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஏற்பாடு 1996-இல், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3.0 காலத்தில், ஆதென்டிகோட் என்ற பெயரோடு வந்தது.

இங்கேதான் பகா எண்கள் பின்வாங்கி, காகிதக் கட்டு மேசைக்கு வருகிறது. முதலமடை ஆள் சான்றிதழுக்கு விண்ணப்பித்த மறுநாள் அவருக்கு வருகிற மின்னஞ்சலில் கணிதம் ஒரு வரிகூட இருக்காது. உங்கள் தொழில் சட்டப்படி இருக்கிறதா, நீங்கள் சொல்லும் இடத்தில் இருக்கிறதா, விண்ணப்பித்த ஆளுக்கு அந்தத் தொழிலின் பெயரில் கேட்க அதிகாரம் உண்டா என்று விசாரிக்கும். சான்றளிப்பு நிறுவனங்களும் பெரிய மென்பொருள் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் சிஏ/பிரவுசர் ஃபோரம் என்ற அவை இதற்கு விதிப்புத்தகமே வைத்திருக்கிறது. அரசுப் பதிவேடு, நம்பத்தக்க வணிகத் தரவுத்தளம், நேரில் போய்ப் பார்ப்பது, வழக்கறிஞரோ கணக்காளரோ தரும் உறுதிக் கடிதம் எல்லாம் ஏற்கப்படும். முகவரிக்கு வங்கிக் கணக்கு அறிக்கை, வரி ஆவணம், கரண்டு பில். ஆம், 925 இலக்கக் கோட்டையின் அடிக்கல் பல நேரம் ஒரு கரண்டு பில்தான்.

அந்தக் காகிதங்களை அலுப்பூட்டும் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலம்: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப்பக்கம் கடை வைத்தால் 32, அந்தப்பக்கம் வைத்தால் 33. இரண்டு பக்கமும் ஒரே தமிழ் பேசினாலும் எண்ணுக்கு எல்லை தெரியும். அடுத்த பத்து இடமும் உரிமையாளரின் பான் எண். அதற்குள்ளும் ஒரு கதை இருக்கிறது: பானின் நான்காவது எழுத்து, ஆள் தனிநபரா, கம்பெனியா, கூட்டு நிறுவனமா என்று சொல்லும். தனிநபர் என்றால் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நமக்கு அது பல நேரம் அப்பாவின் எழுத்தாக வந்து உட்கார்ந்திருக்கும். 13-ஆவது இடம், அதே பானில் அதே மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது. 14-ஆவது பொதுவாக இசட்.

15-ஆவதுதான் சூட்சுமம். முன்னால் உள்ள 14 இடங்களுக்கும் மதிப்புக் கொடுத்து (0 முதல் 9 வரை அப்படியே; ஏ-க்கு 10, அப்படியே போய் இசட்டுக்கு 35), ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, 36-ஆல் வகுத்துக் கூட்டினால் வருகிற விடையிலிருந்து அந்தக் கடைசி எழுத்து தானாக விழுகிறது. தட்டச்சுச் செய்யும்போது நடுவில் ஓர் எழுத்துப் பிசகினால் கடைசி எழுத்து ஒத்துவராது. கணினி உடனே காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண்ணுக்குள்ளேயே ஒரு குட்டிப் பிழிவு! பெரிய ஆலையில் நடப்பதும் இதே யோசனைதான். ஒரு வித்தியாசம்: இது கைப்பிழையைப் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. சூத்திரம் தெரிந்தவர் பொருந்துகிற பொய் எண்ணைத் தயாரித்துவிடலாம். அதனால் சரிபார்ப்பவர் எண்ணோடு நிற்காமல் ஜிஎஸ்டி வலைத்தளத்தில் போட்டுப் பார்ப்பார். அங்கே உரிமையாளரின் சட்டப் பெயரும் கடைப் பெயரும் யார் கேட்டாலும் தெரியும்.

அந்த இரண்டு பெயர்களில்தான் நம் ஊர்க்காரர்கள் பலர் இடறுகிறார்கள். இந்தியாவில் ஒற்றை உரிமையாளர் தொழில் என்பது சட்டத்தின் கண்ணில் தனி உருப்படி அல்ல. கடையும் ஆளும் ஒன்றுதான். போர்டில் அழகான கம்பெனிப் பெயர் எழுதியிருந்தாலும் சட்டப் பெயர் என்ற கட்டத்தில் உரிமையாளரின் சொந்தப் பெயரே நிற்கும். சான்றிதழில் போர்டுப் பெயர் வேண்டுமென்றால் கம்பெனியாகப் பதிவு செய்வது நேரான வழி. செய்தால் 21 இடம் கொண்ட நிறுவன அடையாள எண் கிடைக்கும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா, என்ன தொழில், எந்த மாநிலம், எந்த ஆண்டு, தனியார் கம்பெனியா பொதுக் கம்பெனியா, வரிசையில் எத்தனையாவது என்று எல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். கேரளத்தில் பதிவானால் நடுவில் கேஎல். பொள்ளாச்சியில் பதிவு செய்தால் டிஎன் வரும் என்று நினைப்போம்; வராது. கோயம்புத்தூருக்குத் தனிப் பதிவாளர் அலுவலகம் இருப்பதால் டிஇசட் வரும். கொங்கு நாட்டுக்கு மட்டும் தனி மாநிலம்போல ஒரு குறியீடு கம்பெனிப் பதிவேட்டில் பல காலமாக இருக்கிறது என்பது அரசியல்வாதிகள் பலருக்குத் தெரியாது போலிருக்கிறது.

முகவரியும் அப்படியே. முதலமடையின் அஞ்சல் குறியீடு 678507. முதல் 6 என்றால் தென்கோடி, 67 என்றால் கேரளம், 678 என்றால் பாலக்காடு வட்டாரம். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் 642. விண்ணப்பத்தில் ஒரு குறியீடும் ஜிஎஸ்டி சான்றில் இன்னொன்றும் இருந்தால் எங்கோ தூரதேசத்தில் உட்கார்ந்திருக்கும் சரிபார்ப்பாளர் அங்கேயே நிறுத்திவிடுவார். அவருக்குத் தென்னந்தோப்பும் தெரியாது, எல்லைக்கோடும் தெரியாது. எண்கள் இடிப்பது மட்டும் தெரியும். ஊர்ப் பெயரைத் தமிழ் உச்சரிப்பில் ‘முதலமடை’ என்று முடித்தால் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், மலையாள உச்சரிப்பில் ‘முதலமட’ என்று முடித்தால் வேறொன்று. உரிமையாளரின் பெயரிலோ முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும், மூன்றாவதில் அப்பாவின் பெயராக விரிந்திருக்கும். மனிதக் கண்ணுக்கு மூவரும் ஒருவரே. சான்றிதழுக்கு மூன்று பேர்.

எல்லாம் பொருந்திவிட்டது என்று வையுங்கள். கடைசியாக ஒரு தொலைபேசி அழைப்பு வரும். இந்த ஏற்பாடு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அழைப்பு, விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய எண்ணுக்கு வராது. சரிபார்ப்பவர் வேறெங்காவது, அரசுப் பதிவேட்டிலோ வணிக விவரக் கோப்பிலோ, உங்கள் நிறுவனத்தின் எண்ணைத் தானே தேடி எடுத்து அதற்கு அழைப்பார். மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் கதவையா தட்டுகிறார்கள்? தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து ‘பையன் எப்படி’ என்று பேச்சை எடுப்பார்கள். சொன்னவரிடமே திரும்பக் கேட்டால் சொன்னதையேதான் சொல்வார் என்ற அந்தப் பழைய அறிவு, வார்த்தை மாறாமல் விதிப்புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

உலக வணிகத்தின் டீக்கடையாகப் பல சரிபார்ப்பாளர்கள் நாடுவது டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற நிறுவனத்தை. அது ஒவ்வொரு தொழிலுக்கும் டன்ஸ் என்ற 9 இலக்க எண்ணைக் கொடுத்து விவரம் சேர்த்து வைக்கிறது. ஆப்பிள் கடையிலோ கூகுள் பிளேயிலோ நிறுவனத்தின் பெயரில் கணக்குத் திறக்கவும் இன்று அந்த எண் வேண்டும். இதன் பூர்விகம் 1841. நியூயார்க்கில் லூயிஸ் டப்பன் என்ற வணிகர், தூரத்து ஊர்க் கடைக்காரர்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று தெரிந்துகொள்ள, உள்ளூர் வழக்கறிஞர்களிடம் விசாரித்து எழுதி வாங்கும் ஒரு தொழிலைத் தொடங்கினார். ‘ஆள் நாணயமானவர், கடை நன்றாக ஓடுகிறது’ என்ற ரகத்தில் கடிதங்கள் வந்து குவிந்தன. அப்படி எழுதிக் கொடுத்த உள்ளூர் வழக்கறிஞர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். மண்டி மென்பொருளுக்கு இந்தூரில் பச்சை விளக்கு எரிய, லிங்கன் காலத்து விசாரிப்பு முறை வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்பதற்கு 2001-ஆம் ஆண்டில் ஒரு பதில் இருக்கிறது. அந்த ஜனவரி 29, 30 தேதிகளில் வெரிசைன் என்ற அமெரிக்கச் சான்றளிப்பு நிறுவனம் இரண்டு நிரல் கையொப்பச் சான்றிதழ்களைக் கொடுத்தது. கேட்டவர் தான் மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்று சொன்னார். சான்றிதழில் மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் என்று அச்சாயிற்று. ஆள் போலி. ஒரு பகா எண்ணும் உடையவில்லை, ஒரு பிழிவும் பொய்க்கவில்லை. சாவிக்கும் பெயருக்கும் முடிச்சுப் போட்ட மனிதக் கை மட்டும் தவறியது. மார்ச் 22-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் உலகத்துக்கு எச்சரிக்கை விடுத்தது. வெரிசைன் அந்தச் சான்றிதழ்களை ரத்துப் பட்டியலில் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலை எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற முகவரி அந்தச் சான்றிதழ்களுக்குள் எழுதப்படவே இல்லை. செக் ரத்தானது வங்கிக்குத் தெரியும், செக்கை வாங்கும் கடைக்காரருக்குத் தெரியாது என்கிற நிலை. கடைசியில் மைக்ரோசாஃப்டே அந்த இரண்டையும் பெயர் சொல்லி மறுக்கும் திருத்தத்தை விண்டோஸுக்கு வெளியிட வேண்டியதாயிற்று.

மறு ஆண்டு இதே வெரிசைனின் கூட்டாளியாகத்தான் இந்தியாவின் முதல் உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் வந்தது. சென்னை இணைய நிறுவனமான சிஃபியின் துணை நிறுவனம் சேஃப்ஸ்கிரிப்ட். உரிமம் கிடைத்தது 2002 பிப்ரவரி. 2000 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், சான்றளிப்பவர்களுக்கெல்லாம் மேலே ஒரு கட்டுப்பாட்டாளரை உட்கார வைத்திருந்தது. நம் நாட்டுக்கென்று தனி வேர்ச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறது. ஜிஎஸ்டி தாக்கலுக்கும் டெண்டருக்கும் ஆடிட்டர் செருகுகிற டோக்கனில் இருப்பது இந்த வேரிலிருந்து கிளைத்த சான்றிதழ். அதை வைத்தே மென்பொருளிலும் கையெழுத்துப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஒவ்வொரு சான்றிதழுக்குள்ளும் அது எதற்குப் பயன்படும் என்ற குறி பதிந்திருக்கிறது. ஆவணத்துக்குக் கொடுத்ததை நிரலுக்குப் போட்டால் விண்டோஸ் ஏற்காது. லாரி ஓட்ட ஸ்கூட்டர் லைசென்ஸ் செல்லாதல்லவா.

அந்த வேருக்கும் ஒரு சோதனைக் காலம் வந்தது. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் சில வலைத்தளப் பெயர்களுக்குக் கூகுள் கேட்காத சான்றிதழ்கள் உலவுவதை அந்நிறுவனம் கவனித்தது. தேடிப் போனால் அவை இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் வழியாக வந்தவை. மேலே நம் கட்டுப்பாட்டாளரின் வேர். மறுநாளே அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின. சான்றிதழ் வழங்கும் நடைமுறைக்குள்ளேயே யாரோ புகுந்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அதற்குப் பிறகு கூகுள், தன் குரோம் உலாவியில் இந்திய வேரின் செல்வாக்கை அரசுத் தளங்கள், கல்வித் தளங்கள் உள்ளிட்ட ஏழு பெயர்களுக்குள் சுருக்கிவிட்டது. ஒரு வேரின் எல்லையை இன்னொரு நாட்டு நிறுவனம் ஒரு திருத்தத்தில் வரைந்துவிட முடிகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

போலிக் காகிதத்தைவிடக் குழப்பமானது உண்மைக் காகிதம். 2013-இல் வங்கிக் கணக்கைத் திருடும் ஒரு நிரல், முறையான கையொப்பத்தோடு வலம் வந்தது. சான்றிதழில் இருந்தது பிரேசிலில் சட்டப்படி பதிவாகியிருந்த ஒரு நிறுவனத்தின் பெயர். சரிபார்ப்பவர் பார்த்தபோது பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது! 2017-இல் இயன் கேரல் என்ற ஆய்வாளர் இதையே பட்டவர்த்தனமாக்கினார். பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப் டெலவேரில் பதிவானது. இவர் கென்டக்கி மாநிலத்தில் அதே பெயரில் சொந்தமாக ஒரு நிறுவனத்தை 100 டாலரில் பதிவு செய்து, அந்தப் பெயரில் உயர்நிலை வலைத்தளச் சான்றிதழையும் வாங்கிக் காட்டினார். பொய் ஒன்றுமில்லை, அந்தப் பெயரில் அவரிடமும் நிறுவனம் இருந்தது. கையொப்பம் சொல்வது பெட்டியை யார் கட்டினார் என்பதை மட்டும். காய் இனிக்குமா, உள்ளே புழு இருக்கிறதா என்பதைப் பற்றி அது ஒருபோதும் வாயைத் திறந்ததில்லை. இனிக்காவிட்டால் போய்க் கதவைத் தட்ட ஒரு விலாசம் கிடைக்கும். அதற்காகத்தான் அந்தக் கரண்டு பில்.

விலாசக்காரரே ஏமாந்து போனால்? 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டு ஆய்வகம் ஒன்று கண்டெடுத்த ஸ்டக்ஸ்நெட் என்ற நாசநிரல், ஈரானின் யுரேனிய ஆலையைக் குறிவைத்தது. அதன் ஓட்டுநிரல்களில் (டிரைவர்) இருந்த கையொப்பங்கள் ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய இரண்டு நிஜ நிறுவனங்களுடையவை. இரண்டுமே தைவானில் ஒரே தொழில்நுட்பப் பூங்காவில் இருப்பவை. அவர்களுடைய தனிச் சாவிகள் களவு போயிருந்தன. சாவி என்பது கணினியில் கிடக்கும் ஒரு கோப்பு என்றால், நகலெடுக்க எவ்வளவு நேரம்? களவு போனது உரியவருக்குத் தெரியவும் தெரியாது. அசல் இடத்திலேயேதான் இருக்கும்.

அதனால் 2023 ஜூன் 1 முதல் விதி மாறிவிட்டது. தனிச் சாவி இனி கோப்பாக இருக்கக் கூடாது; சோதித்துச் சான்று பெற்ற வன்பொருளுக்குள்தான் பிறந்து வாழ வேண்டும். பலருக்கு அது விரல் நீள யூஎஸ்பி டோக்கனாக வருகிறது. அந்தச் சில்லுக்குள் நடப்பது அருமையான வேலை. சாவி உள்ளேயே உருவாகும். வெளியே வர வாசலே கிடையாது. மென்பொருளின் பிழிவு உள்ளே போகும், கையெழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வரும். ஜன்னல் வழியே காகிதத்தை வாங்கிக் கையெழுத்திட்டுத் தருகிற, ஒருபோதும் வெளியே தலைகாட்டாத ஓர் அதிகாரி மாதிரி. கடவுச்சொல்லைச் சில தடவை தவறாக அடித்தால் ஜன்னலும் மூடிக்கொள்ளும்.

இவ்வளவு யோசித்துச் செய்த சில்லை நாம் என்ன செய்கிறோம் என்றால், ரப்பர் பேண்டு போட்டு, கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி அதன்மேலேயே ஒட்டி, மற்ற முப்பது பேருடைய டோக்கன்களோடு ஆடிட்டர் மேசை டிராயரில் போட்டு வைக்கிறோம். எந்த விதிப்புத்தகத்துக்கும் எட்டாத இடம் அந்த டிராயர்.

இன்னொரு சின்ன அதிசயம் பாக்கி இருக்கிறது. சான்றிதழ் என்றைக்கும் நிற்காது. முன்பு 39 மாதம் வரை செல்லுபடியானது, 2026 மார்ச் முதல் 460 நாளுக்குள் சுருக்கப்பட்டிருக்கிறது. சரி, சான்றிதழ் காலாவதியான மறுநாள் இந்தூர் வியாபாரியின் பில் மென்பொருள் மறுபடியும் அநாதையாகிவிடுமா? ஆகாது. கையெழுத்திடும்போதே, நான்காவது ஆள் ஒருவர், இந்தக் கையெழுத்தை இன்ன தேதி இன்ன நொடியில் பார்த்தேன் என்று தன் கையெழுத்தோடு ஒரு நேர முத்திரை குத்திவிடுவார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பிறகு ஊரைவிட்டே போனாலும் பத்திரம் செல்லுகிறதல்லவா? கையெழுத்திட்ட நேரத்தில் சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்று மட்டுமே கணினி பார்க்கும்.

கையொப்பம் வந்துவிட்டாலும் முதல் சில வாரம் விண்டோஸ் கொஞ்சம் முறைக்கும். புதிய பெயர், இன்னும் நிறையப் பேர் இறக்கவில்லை, பழகட்டும் என்று காத்திருக்கும். புதுத் தோப்புக்காரரின் முதல் பெட்டியைப் பழைய மண்டி எப்படிப் பார்க்குமோ அப்படி. பிறகு அந்த எச்சரிக்கை வராமலே போய்விடும்.

அப்புறம் யாராவது ஒருவர் எங்கிருந்தோ அந்தக் கோப்பின்மேல் வலது சொடுக்கிட்டு, பண்புகளுக்குப் போய், டிஜிட்டல் கையொப்பங்கள் என்ற தாவலைத் திறந்து, சான்றிதழின் விவரங்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் அங்கே வரிவரியாக இருக்கும்: நிறுவனத்தின் பெயர், நாடு இந்தியா, மாநிலம் கேரளம், ஊர் முதலமடை.